உறை

பகலில் எங்கள் சுடர் கண்ணுக்குத் தெரியாது.
குழாய் உச்சியில் எரிகிறதா, அணைந்ததா
என்று கேட்பவர்களிடம்
சேர்வராயன் மலையைப் பாருங்கள் என்பேன்.
சுடருக்குப் பின்னால் மலை நடுங்கினால்
எரிகிறது.

மார்ச் ஒன்பதாம் தேதி
மலை அசையாமல் நின்றது.

ஞாயிறு இரவு குளிர் அறையின் கம்ப்ரசர் கருகி
பதினோராயிரம் லிட்டர் திரிந்துபோயிருந்தது.
விடிவதற்குள் மறைக்க வேண்டும்.
யாரோ வால்வைத் திறந்து
என் தொட்டிக்குள் விட்டுவிட்டார்கள்.
முன்பென்றால் ஓடைக்குப் போகும்,
ஓடை வழியே திருமணிமுத்தாற்றுக்கு.
இப்போது ஆற்றுக்குக் கேட்க ஆள் உண்டு.
தொட்டிக்கு நான் மட்டும்தான்,
எனக்கு அன்று வார விடுப்பு.

அதன் அன்றாடச் சாப்பாடு கழுவுநீர்.
கேன் அலசியது, குழாய் அலசியது,
வெண்ணெய்ப் பிசுக்கு,
பன்னீர் பிழிந்த பச்சைத் தண்ணீர்.
முழுப்பாலை அது கண்டதே இல்லை.
கஞ்சி குடித்துப் பழகிய வயிற்றில்
ஒரே ராத்திரியில் கல்யாண விருந்து.

பி.எச். ஐந்து புள்ளி ஆறு.
மூடியருகே போனால்
புளித்த ஏப்பம் முகத்தில் அடித்தது.

உள்ளே இரண்டு கூட்டம் உண்டு.
ஒன்று அவசரக் கூட்டம்,
கிடைத்ததை எல்லாம் புளிப்பாக்கிவிடும்.
இன்னொன்று நிதானக் கூட்டம்,
அந்தப் புளிப்பைத் தின்று நெருப்பை விடும்.
அவசரக்காரர்கள் மிஞ்சினால்
நிதானக்காரர்கள் செத்துப்போவார்கள்.
(நான் எதையும் உவமையாகச் சொல்லவில்லை.
ஆய்வக ஏட்டிலேயே இப்படித்தான் இருக்கிறது.)

பாய்லருக்கு மறுபடி விறகு.
நான்கு வருடம் கோடாலி தொடாத அம்மாசி
மூன்றாம் நாள் வந்து
உள்ளங்கைக் கொப்புளத்தைக் காட்டினார்,
ரசீது காட்டுவதுபோல.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தீனியை நிறுத்தினேன்.
சுண்ணாம்பு கரைத்து ஊற்றினேன், மூட்டை மூட்டையாக.
ஆறு புள்ளி ஒன்று. ஆறு புள்ளி நான்கு.
திரும்பவும் ஆறு.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை.
அங்கும் ஒரு தொட்டி உண்டு,
மரவள்ளிப் பால் குடித்து வளர்ந்தது.
அதைப் பார்த்துக்கொள்கிற நூர்ஜஹானை
குரலாக மட்டுமே தெரியும்.
"கொஞ்சம் சேறு வேணும்" என்றேன்.
"உறைக்கா?" என்றாள்.
எங்கள் கையேட்டில் அந்தச் சொல் கிடையாது.
அதற்கு அங்கே நான்கு வரி எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு டேங்கர் வந்தது,
கன்னங்கரேல் என்று, கெட்டியாக,
உயிருள்ளதன் வெதுவெதுப்போடு.
உறைமோர் தந்த வீட்டுக்கு
வெறும் கிண்ணம் திருப்பி அனுப்பக் கூடாது.
டிரைவர் சீட்டுக்கு அடியில்
ஒரு டின் நெய் வைத்தேன். என் காசு.

உறை ஊற்றினால் பாத்திரத்தை ஆட்டக் கூடாது.
கலக்கியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.
மேனேஜர் துரைக்கண்ணு தினமும் காலையில்
"ஏதாச்சும் உண்டா?" என்பார்,
கல்யாணமாகி மூன்று மாதமான மருமகளிடம் கேட்பதுபோல.
வால்வைத் திறந்தது யார் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் குமிழி வந்தது.
தீ வைத்தோம், பற்றவில்லை.
வெறும் காற்று.
பதினாறாம் நாள் பற்றி
எங்கள் கண் எதிரே அணைந்தது.

பத்தொன்பதாம் நாள், உச்சி வெயில்.
அம்மாசிதான் பற்றவைத்தார்.
ஒரு சத்தம், துணி உதறியதுபோல.
பிறகு ஒன்றும் தெரியவில்லை.
இருவரும் கழுத்தை ஒடித்து நின்றோம்.

முதலில் ஏற்காட்டுச் சாலையின் ஒரு வளைவு நெளிந்தது.
பிறகு அதற்கு மேலே பாறை.
பிறகு மலை மொத்தமும்
கொதிக்கப்போகும் பாலின் ஏடுபோல
மெல்லச் சுருங்கி விரிந்தது.

நான் சிரித்துவிட்டேன்.
அம்மாசி கோடாலியைக் கீழே வைக்கவில்லை.
"நாளைக்கும் நடுங்கட்டும்" என்றார்,
விறகைப் பார்த்து நடந்தார்.