இருபதடி

ஞாயிறு, ஆறரை மணி.
திருமணிமுத்தாற்றில் இன்று தண்ணீர்
கத்தரிப்பூ நிறம்.
நேற்று ராத்திரி எந்தச் சாயத்தைத் திறந்துவிட்டார்கள் என்று
பார்த்ததும் சொல்லிவிடுவார் தனசீலன்,
பட்டறையில் பதினோரு வருஷம் கணக்கெழுதியவர்.

குழுவில் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் அறுபத்து நான்கு.
வந்திருப்பது பதினேழு.
மண்வெட்டி ஆறு, அரிவாள் ஒன்பது,
ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி.
ஒரு ஜோடியில் இரண்டுமே இடதுகால்.

நெய்வேலிக் காட்டாமணக்கு.
நெய்வேலிக்கும் இதற்கும் என்ன உறவென்று
எங்களில் யாருக்கும் தெரியாது.
கடல்தாண்டி வந்ததாம்.
ஆடு வாய்வைக்காது.
பூ மட்டும், திருவிழாக் குழாய் போல வாய்விரித்து,
வெளுத்த ஊதாவில், நன்றாகத்தான் இருக்கிறது.
வெட்டினால் பால் வடியும்.
வெட்டிய துண்டு ஈரத்தில் விழுந்தால்
அடுத்த ஞாயிறு அதுவும் ஒரு செடி.
ஆகவே வேரோடு.
ஆகவே குனிந்து.
ஆகவே என் இடுப்பு.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குக் கண்ணி கோக்கும் ஜெசிந்தா
சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவுகிறாள்.
"எங்கயோ ஒரு கண்ணி பத்தாம இருக்கும்ண்ணா,
அங்க இழுத்தா மொத்தமும் வரும்."
வந்தது.
கூடவே ஒரு பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தும்.

ஒன்பது மணிக்குக் கரை தெரிந்தது.
கரைக்குப் பின்னால் தகரக் கூரைகள் தெரிந்தன.
எதிரே பஸ் போகும் சாலை தெரிந்தது.
சாலைக்கும் எல்லாம் தெரிந்தது.
கைதட்டினோம். நான் படம் எடுத்தேன்.

அப்புறம்தான் பாவாயி வந்தார்.
கையில் வாளி.
மிச்சமிருந்த ஒரே புதரைப் பார்த்தார்,
அதன்மேல் நான் சாய்த்துவைத்திருந்த அரிவாளை.
"ஏனுங்க, இதையும் எடுத்துட்டா
நாங்க எங்கீங்க ஒதுங்கறது?"

அந்த வினைச்சொல் எனக்குப் புரிவதற்குள்
ஜெசிந்தா அரிவாளை எடுத்துச் சாக்கில் போட்டுவிட்டாள்.

அயல் தாவரம், என்றேன்.
நீரோட்டம், என்றேன். வெள்ளம். கொசு.
எல்லாம் சரியான சொற்கள்.
ஒன்றுக்கும்
ஓர் ஆள் மறைய உயரம் போதவில்லை.

வார்டுக் கழிப்பறை இருக்கிறது, அதோ, நீலக் கதவு.
பூட்டும் இருக்கிறது.
சாவி மூன்று மாதமாக
ஒப்பந்தக்காரரோடு ஓமலூரில் இருக்கிறது.

இருபதடி விட்டோம்.
பால் வடிந்து, பூத்துக்கொண்டு,
ஆற்றுக்குக் கெடுதலாக
அப்படியே நிற்கட்டும் என்று.
படிவத்தில் 'மீதம்' என்ற கட்டத்துக்கு
தனசீலன் ரொம்ப நேரம் யோசித்தார்.
பிறகு எழுதினார், பட்டறைக் கையெழுத்தில்:
இருபதடி. காரணம், சாவி.

வீட்டுக்கு வந்து குழுவில் போட்டேன்:
நாளை காலை பத்து மணி, மாநகராட்சி அலுவலகம்.
மண்வெட்டி வேண்டாம்.
இரவு வரை கட்டைவிரல் நான்கு.

தூங்கப்போகுமுன் அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன்.
பதினாறு பேர் சிரிக்கிறார்கள்.
வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு,
வாளியோடு ஒரு பெண்.
எங்களைப் பார்க்கவில்லை.
நாங்கள் எப்போது கிளம்புவோம் என்று
பார்த்துக்கொண்டிருக்கிறார்.