ஐந்நூற்று அறுபத்தொன்றாம் தலைமுறை

ஜக்கூரில் ஆய்வகம். லிங்கராஜபுரத்தில் கோயில்.
நடுவில் ஹெப்பாள் மேம்பாலம்,
அதன்மேல் நின்றபடியே ஐந்து வருஷம் போயிற்று.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது
என் பழ ஈக்கள் முந்நூற்று எண்பதாம் தலைமுறை.
இன்று ஐந்நூற்று அறுபத்தொன்று.
கூட்டை உடைத்து முந்தி வரும் கால்பங்கை வைத்துக்கொள்,
பிந்தியதைச் சாராயத்தில் கொட்டு:
மதுவந்தி மேடம் சொன்ன வேலை இவ்வளவுதான்.
ஈயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆனாலும் அவை சிறுத்தன, அவசரப்பட்டன.
பக்கத்து அலமாரியில் ஒன்றுவிட்ட சொந்தங்கள்
இன்னும் கூட்டுக்குள் உறங்குகையில்
இவை சிறகு உலர்த்தி நின்றன.
மயங்கிக் கிடந்தவற்றைத் தூரிகையால் புரட்டிப் புரட்டி
என் கண்ணாலேயே பார்த்தேன்.
திங்கள் முதல் சனிவரை பார்த்ததை
ஞாயிற்றுக்கிழமை பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்ல?

ஞாயிறு பள்ளியில் பச்சை ஃபிளானல் பலகை.
துணியில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கி, திமிங்கிலம், ஆதாம்.
எந்தக் காலத்து டீச்சரோ கறுப்பு மையால்
ஆதாமுக்குத் தொப்புள் வைத்திருக்கிறார்.
"அப்போ இவருக்கு அம்மா யாரு, பியூலாக்கா?"
கேட்டவள் கெசியாள், ஏழு வயது.
வகுப்பே சிரித்தது. நானும்.
சிரிப்பில் பலகை ஆடி
ஆதாம் பிடி தளர்ந்து கீழே விழுந்தார்.
எடுத்து ஒட்டினேன்,
திமிங்கிலத்துக்குப் பக்கத்தில்.

மண்ணைப் பிசைந்த கை
ஒரே நாளில் பிசைந்து முடித்ததா,
இன்னும் பிசைந்துகொண்டே இருக்கிறதா,
அதில் எனக்குச் சண்டையில்லை.
பரோட்டா மாவுகூட ஊறித்தானே ஆகவேண்டும்.

சண்டை அந்தச் சாராயப் புட்டியோடு.
அடியில் கறுப்பாய்ப் படிந்திருக்கும் முக்கால் பங்கு.
எங்களையும் இப்படித்தான் செய்தீரா?
எத்தனை புட்டி?
பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு,
ஏரியில் கூழைக்கடாக்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு
கேட்கிறேன்.
கண்டக்டர்தான் பதில் சொல்கிறார்:
முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி.

மேடத்துக்கு வேண்டியது பிழைத்தவற்றின் எண்ணிக்கை மட்டும்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
மற்றதையும் பென்சிலில் எழுதிவைக்கிறேன்.
நேற்று இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
தலைமயிருக்கும் கணக்கு வைத்திருப்பவர்
வந்து சரிபார்க்கட்டும்.

ஒன்று குறையும்.
சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது.
பிந்தியவற்றில் ஒன்று.
சமையலறையில், கறுத்த வாழைப்பழத்தின்மேல்
முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.
விளக்கை அணைக்காமல்
நின்றுகொண்டிருக்கிறேன்.