நகல் சீட்டு

ராயக்கோட்டை மண்டியில் சீட்டு எழுதுகிறேன்.
நாளைக்கு ஆறாயிரம் பெட்டி தக்காளி
என் பேனாவைத் தாண்டி
திருச்சிக்கும் எர்ணாகுளத்துக்கும் போகிறது.
வீட்டுக்கு வந்தால்
மொட்டை மாடியில் நாலு பெயிண்ட் வாளி.
நாலே செடி.

"கடலில் நின்றுகொண்டு
சொம்பில் குளிக்கிற ஆள் நீதான்"
என்கிறாள் கீழ்வீட்டு ஷமீம்.
என்னிடம் பதில் இல்லை.

விதை வாங்கியதல்ல.
வைகாசியில் கெலமங்கலத்துத் திம்மராயன் இறக்கிய பெட்டியில்
அடியில் நசுங்கிக் கிடந்த ஒன்றை
சோற்றுக் கிண்ணத்தில் வழித்துவந்தேன்.
செம்மண், ஆட்டுப்புழுக்கை,
ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு.
ஆணியைச் சுட்டு வாளியின் அடியில் ஐந்து ஓட்டை.
நாற்றைக் கழுத்தளவு புதைத்தேன்,
மேலே நாலு இலை மட்டும்.
மண்ணுக்குள் போன தண்டெல்லாம் வேர்விடும் என்று கேள்வி.
விட்டது.

கணுவிடுக்கில் கிளம்பும் குட்டிக் கிளைகளை
நகத்தால் கிள்ளினால்
இரண்டு நாள் விரலில் பச்சை வாடை,
சோப்புக்கு மசியாது.
பூத்ததும், மண்டிக்குக் கிளம்புமுன்
ஒவ்வொரு காம்பையும் சுண்டிவிட்டேன்.

முதலில் காய்த்த ஏழும்
அடியில் கறுத்துத் தோலாகிப் போயின.
முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன்.
மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை கேட்டேன்.
"யாருக்கு?" என்றார்.
சொல்லவில்லை.

கணக்கு பிறகுதான் பிடிபட்டது.
எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர்
நாலு நாளைக்கு ஒருமுறை.
வந்த அன்று குடம் குடமாய் ஊற்றுவேன்.
மற்ற மூன்று நாளும்
செடி என் முகத்தைப் பார்த்து நிற்கும்.
விருந்தும் பட்டினியும் மாற்றி மாற்றி வைத்தால்
யாருக்குத்தான் அடிவயிறு கறுக்காது.

மண்மேல் கடலைத் தொலி பரப்பினேன்.
விடிகாலை, செடிக்கு இரண்டு சொம்பு.
தண்ணீர் வந்த நாளும் இரண்டு.
வராத நாளும் இரண்டு,
என் குளியலில் பிடித்துவைத்தது.
இலை நனையாமல், தூரில்.

அடுத்த கொத்தில் கறுப்பு இல்லை.

பழுத்த வாரம் விலை விழுந்தது.
புதன் பெட்டி அறுபது. வியாழன் முப்பத்தைந்து.
வெள்ளி, இருபது.
டெம்போவின் பின்கதவைத் திறந்து
சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள் சிலர்.
மாடுகள் தின்றன.
பிறகு மாடுகளும் போதுமென்று நின்றன.
என் செருப்பு அடிக்கு அடி சப்பென்றது.

திம்மராயன் அன்று நாற்பது பெட்டி.
வண்டி வாடகை எழுநூறு,
இறக்குகூலி நூற்றறுபது, கமிஷன் எண்பது.
எண்ணூறில் கழித்தேன்.
எங்கள் சீட்டில்
கழித்தல் குறிக்குக் கட்டம் கிடையாது.
'பாக்கி' என்ற இடத்தில் நூற்று நாற்பது என்று எழுதி
யார் யாருக்கு என்பதை விட்டுவிட்டேன்.

மேசையில் என் மதியச் சோறு,
கீறி உப்புத் தடவிய தக்காளி.
அவர் கேட்கவில்லை, நான் நீட்டவில்லை.
எப்படியோ ஒரு கீற்று அவர் வாயில் இருந்தது.
"எந்த ஊர்ச் சரக்கு இது?"
"உங்க பெட்டிதான். வைகாசியில."
"ஹைபிரிட் ஆச்சே. மறுபடி அதே போல வராதே."
"வரலை. நாலு செடி, நாலு சாடை.
ஒண்ணு உருண்டை, ஒண்ணு நீளம்,
ஒண்ணு மடிப்பு மடிப்பா,
ஒண்ணு வாயில வைக்க முடியாத புளிப்பு.
நீங்க தின்னது மூணாவது வாளி."

மூணாவது வாளி, என்று
ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

பல்லிடுக்கில் சேர்ந்த விதைகளை
உள்ளங்கையில் துப்பி, துடைக்க இடம் தேடி,
எதிரே கிடந்த தாளில் தேய்த்தார்.
தன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் தேய்த்தது நகல். கார்பன் நீலம்.
மாசக் கடைசியில் கோப்பில் கோத்து
முதலாளியிடம் தரவேண்டியது.
பாக்கி என்ற வரியின்மேல்
ஒன்பது விதை காய்ந்து ஒட்டியிருக்கிறது.

சுரண்டினால் எண் போய்விடும்.