இரண்டிலும் உள்ளவை

புந்தா அரேனாஸ், ஜூன்.
காலை ஒன்பதரை, இன்னும் விடியவில்லை.
வசூலுக்கு வந்தவனைப் போல
ஜன்னலை உலுக்குகிறது காற்று.

மேசையில் இரண்டு வாக்குமூலங்கள்.
இரவுக் காவலர் எலெயூத்தேரியோ பர்ரியா: ஒன்றரைப் பக்கம்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இஸ்மேனியா ஓயார்சூன்: இரண்டு பக்கம்.
சால்மன் ஆலையின் குளிர் அறைக்குள்
ஒரு மனிதன் மாட்டிக்கொண்ட ஏப்ரல் இரவைப் பற்றி.

"பேசிவைத்துச் சொன்னார்களா என்று பாருங்கள்.
எண்ணாகக் கொடுங்கள்,
நீதிபதிக்கு எண் பிடிக்கும்"
என்றார் காப்பீட்டுக் கம்பெனி வழக்கறிஞர்.

பத்தொன்பது வரி எழுதினேன், பெர்லில்.
பெரிய எழுத்தைச் சின்னதாக்கு.
புள்ளிகளைத் துடை.
இடைவெளி கண்ட இடத்தில் வெட்டு.
காவலரின் சொற்களை ஹாஷில் உட்கார வைத்துவிட்டு
இஸ்மேனியாவின் சொற்களை ஒவ்வொன்றாக வாசலில் நிறுத்திக் கேள்:
உள்ளே உன்னைத் தெரிந்தவர் உண்டா?

தொண்ணூற்று மூன்று சொல்லுக்கு உண்டு.

அதில் பாதி தே, லா, கே.
எல்லார் வாயிலும் ஊறும் எச்சில், அது சாட்சியாகாது.
கழிக்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்று
ஆயத்தமாகவே கிடைக்கிறது. எடுத்துச் சேர்த்தேன்.
நாற்பத்தொன்று.

சும்மா ஆலையின் கையேட்டையும் ஓட்டிப் பார்த்தேன்.
கதவு உள்ளிருந்து திறக்கும், என்கிறது கையேடு.
கதவு உள்ளிருந்து திறக்காது, என்கிறாள் இஸ்மேனியா.
இரண்டும் ஒரே வாக்கியம், என்றது ஸ்கிரிப்ட்.
பட்டியலுக்குள் 'நோ'வும் இருந்திருக்கிறது.
எங்கள் மொழியில் மறுப்பு தனிச்சொல், இரண்டே எழுத்து;
உதிர்ந்தால் சத்தம் கேட்காது.
அதை மட்டும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

பிறகு அந்த நாற்பத்தொன்றை வாய்விட்டுப் படித்தேன்.
மேற்படி. அவ்வமயம். ஸ்தலத்தில். பிரஸ்தாப நபர்.
மீன் பெட்டி அடுக்குகிறவர்கள் யார்
'அவ்வமயம்' என்று பேசுகிறார்கள்?
இரண்டு தாளின் அடியிலும் ஒரே கையெழுத்து,
தட்டச்சு செய்த காவல் நிலைய எழுத்தர் கூரினாவோ.
அவர்கள் பேசிவைக்கவில்லை.
இருவர் பேச்சும் ஒரே பத்து விரல் வழியாக வந்திருக்கிறது.

கூரினாவோவின் சொற்களையும் கழித்தேன்.
பூஜ்யம்.
கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

நம்பாமல் கண்ணால் படித்தேன்.
கோப்பு நெடுக அவன் ரோசமெல் கினேயோ, வயது முப்பத்தாறு.
கடைசிப் பத்திகளில்தான், எழுத்தர் களைத்துப்போயிருக்க வேண்டும்,
அவர்கள் கூப்பிட்டபடியே வருகிறான்: பில்பிலேன்.
கரையில் சிப்பி கொத்தும் பறவை, நீண்ட சிவந்த மூக்கு;
இவனுக்கும் குளிரில் அப்படித்தானாம்.
"பில்பிலேன் பிப்ரவரியிலேயே சொன்னான்" என்று காவலர்.
"பில்பிலேன் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்" என்று இஸ்மேனியா.

ஒரு தாளில் ஏகாரத்தின் தலையில் சின்னச் சாய்கோடு இருக்கிறது,
இன்னொன்றில் இல்லை.
அந்த ஒரு கீறலுக்காக
இவனை அவன் இல்லை என்றது என் நிரல்.

இருபதாவது வரி: சாய்கோடுகளை நீக்கு.
ஓட்டினேன்.

"பொதுவானது: 1" என்று அனுப்பினேன்.
ஐந்தே நிமிடத்தில் வழக்கறிஞரின் பதில்:
"ஒன்று என்றால்? சதவீதமா? அலகு குறிப்பிடவில்லையே."

அலகு: நீளம், சிவப்பு
என்று தட்டி,
அழித்துவிட்டு,
மறுபடி தட்டினேன்.