சேதாரம்

லீ பஜாரில் கடை சாத்தியாகிவிட்டது.
துவரம்பருப்புத் தூசி இன்னும் மூக்கில்.
மடிக்கணினியைத் திறக்கிறேன்:
காலாள் மூவாயிரம், பீரங்கி எட்டு,
யானை பன்னிரண்டு, பொதிமாடு அறுநூறு.
நேற்று விட்ட இடத்திலேயே நிற்கிறார்கள்.
ஒருவன்கூட உட்காரவில்லை.

எதிரி மலைமேல் இருக்கிறாள்.
நாகலூரில் காப்பித் தோட்டத்துக்குக் கணக்கெழுதும்
அமலோற்பவம்.
நாளுக்கு ஆளுக்கொரு நகர்வு.
மழையில் மேலே இணையம் படுத்துவிட்டால்
அவள் ஆடி முடித்த கோப்பு
பென்டிரைவில் ஏறி
நடத்துனர் சட்டைப்பையில்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்.

சமவெளிக் கட்டத்துக்கு ஒரு புள்ளி. காட்டுக்கு இரண்டு.
மலைக்கு நான்கு, மழை பெய்தால் ஆறு.
என் படையிடம் இருப்பது ஐந்து.
ஐந்தை ஆறாக்க
ஒரு வாரம் கூட்டிப் பார்த்தேன்.

சுற்றுவழி உண்டு, நம் குப்பனூர்ச் சாலை மாதிரி.
அதில் போனால்
மாடு சுமப்பதை மாடே தின்று தீர்த்துவிடும்.
மண்டிக்காரனுக்குத் தெரியாத கணக்கா?
ஆளுக்கு ஒரு கிலோ என்றாலும்
நாளுக்கு அறுபது மூட்டை.
மாரப்பனும் இன்னும் மூன்று பேரும்
டீ வருவதற்குள் இறக்கிப் போடுகிற சரக்கு.
பாதையே இல்லாத சரிவில் அதை
யார் இறக்குவது, யார் ஏற்றுவது,
யார் டீ கொடுப்பது?

யானைகளை அடிவாரத்தில் விட்டேன்.
பீரங்கிகளையும் விட்டேன்.
சுமை குறைந்ததால் புள்ளி ஒன்று கூடியது.
கணவாயைத் தொட்டு
பொத்தானை அழுத்தினேன்.

மறுநாள் திரை ஓரத்தில் ஒரு வரி:
போர் இல்லை. குறைந்தவர் 412.

விளையாட்டு அதற்கு ஏதோ சொல் வைத்திருக்கிறது.
எங்கள் பேரேட்டில் சேதாரம்.
ஓட்டைச் சாக்கில் ஒழுகியது,
எலி தின்றது,
தராசுக்குத் தெரியாமல் போனது.
நூற்றுக்கு ஒன்று வரை முதலாளி கேட்கமாட்டார்.
இது பதின்மூன்றே முக்கால்.

எங்கே அடிச்சே, என்று செய்தி அனுப்பினேன்.
ராத்திரி பதில் வந்தது:
நான் கையே வைக்கலை. நீதான் ஏத்துனே.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கொடி பிடித்த ஒரே ஒரு வீரன்.
மூவாயிரத்துக்கும் அவன்தான் நின்றான்,
இப்போதும் அவனேதான்.
பக்கத்து எண் மட்டும் மாறியிருக்கிறது.
சரிவில் புல் அப்படியே.

சனிக்கிழமை தோட்டத்து ரேஷன் ஏற்றிக்கொண்டு
வண்டியோடு நானும் போனேன்.
பதினோராவது வளைவில் எதிரே ஒரு பேருந்து.
எங்கள் வண்டி பின்னுக்கு நழுவ
மாரப்பன் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான்.
கட்டை நின்றது.
மேலிருந்த மூட்டை ஒன்று நிற்கவில்லை.
மழைத்தண்ணீரோடு பருப்பு
மஞ்சளாய்
பத்தாவது வளைவை நோக்கி இறங்கிப் போனது.
பேருந்துக்காரர்கள் ஜன்னல் வழியே பார்த்தார்கள்.
யாரோ ஒரு குழந்தை கைதட்டியது.

நாகலூரில் அமலோற்பவம் எண்ணிப் பார்த்தாள்.
ஒண்ணு குறையுதே?
சொன்னேன்.
ரசீதில் எழுதினாள்:
மூட்டை 1. பதினோராவது வளைவு. மழை.
இத்தனை வருடத்தில்
சேதாரத்துக்கு இடம் எழுதி
நான் பார்த்ததில்லை.
கையெழுத்துப் போட்டுக்கொண்டே
'உன் முறைதான் நிக்குது' என்றாள்.

இரவு வீட்டுக்கு வந்து
நகர்த்து என்பதை விட்டு
ஓய்வு என்பதை அழுத்தினேன்.
நிற்பதற்கும் சோறு உண்டு.
இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டுப் பேர்.
ஐம்பத்திரண்டு மூட்டை,
கொஞ்சம் குறையும்.