நாலு நிபந்தனை

பெருந்துறை பைபாஸைத் தாண்டி
மூன்றாவது மாடி.
பதினோராவது வருஷமாக
அதே படத்தை வரைகிறேன்:
ரெண்டு வட்டம், ரெண்டு கட்டம்,
ஒன்றின் வாலை ஒன்று கவ்வும் அம்புகள்.
டெட்லாக் வர நாலு நிபந்தனை,
எழுதிக்கோங்க.

பத்தாவது மார்க்‌ஷீட்டிலிருந்து
பிஎச்.டி. பட்டம் வரை
என் காகிதமெல்லாம்
ஆபீஸ் ரூம் பச்சை பீரோவில்.
சூலூர்க் காலேஜில் ஆர்டர் தர
ஒரிஜினல் கேட்கிறார்கள்.
இங்கே ஒரிஜினல் தர
ஆர்டரைக் காட்டச் சொல்கிறார்கள்.
"அட்மிசன் முடியட்டுங்க மேடம்,
பாத்துக்கலாம்" என்கிறார் செகரெட்டரி.
போன மே மாதமும் அதையேதான் சொன்னார்.
அந்த வெயிலில்
கோபி, நம்பியூர், புளியம்பட்டியென்று
வாசல் வாசலாக ஏறி
நான் பிடித்து வந்தது ஏழு பேர்.
டார்கெட் பத்து.
மூன்று பேருக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

ஏழில் ஒருத்தி, தாரகை,
மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுகிறாள்.
"இப்படி மாட்டிக்கிட்டா
வெளிய வர வழியே இல்லீங்களா மேம்?"

இருக்கு.
ஏதாச்சும் ஒரு ப்ராசஸைக் கொன்னுடணும்.

வகுப்பு சிரிக்கிறது.
"எதைங்க மேம்?"

போனா நஷ்டம் கம்மியா இருக்கறதை,
என்றேன்.
படத்தை அழிக்காமலே
அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்தேன்.