துறைமுக நாள்

ஆழம் போதாதென்று
பெரியபட்டினத்துக்கு நாலு மைல் வெளியே
நங்கூரம் இறக்கினார்கள்.
ஒலிபெருக்கி காலை வணக்கம் சொல்லி
இன்று துறைமுக நாள் என்றது.
துறைமுகம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

தொப்பிகளும் தண்ணீர் பாட்டில்களுமாய்
ஆரஞ்சுப் படகுகளில் இறங்கிப் போனார்கள்.
இவரும் போனார், கழுத்தில் கேமராவோடு.
நான் வரவில்லை என்றேன்.
மூன்று வருடம் இதே கரையில்
குடிநீர் லாரிக் கணக்கு எழுதியவள்.
எந்தத் தெருவுக்கு எத்தனை நடை,
எந்த ஓட்டுநர் பாதி வழியில்
எவன் தோப்புக்குக் குழாயைத் திறந்துவிட்டான்,
எல்லாம் இன்னும் மனப்பாடம்.
காசு கொடுத்து அதையே சுற்றிப் பார்க்க
எனக்கென்ன கிறுக்கா?

ஆளில்லாத கப்பல் நல்ல வீடு.
லிஃப்டில் நான் மட்டும்.
நீச்சல் குளத்தில் ஒரு பிளாஸ்டிக் வாத்து மட்டும்.
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். நன்னீர்.
பழக்கதோஷம், நீளம் அகலம் ஆழம் பெருக்கி
ஏழு லாரி என்று முடிவுகட்டிய பிறகு
காலை உள்ளே விட்டு உட்கார்ந்தேன்.
வெட்கமாக இருந்தது.
எழுந்திருக்கவும் மனமில்லை.

இங்கிருந்து பார்த்தால் கரை வெறும் கோடு.
கோட்டின் மேல் பனைகள்,
ஒரு மினாரா, ஒரு செல்போன் கோபுரம்.
இரண்டில் எது உயரம் என்று
கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது டீ வந்தது.

கொண்டுவந்தவன் சட்டையில் ரிஃபாய் என்றிருந்தது.
தமிழா என்றேன்.
"அந்தக் கோபுரத்துக்குப் பின்னாடி மூணாவது வீடுக்கா."
இறங்கலையா?
"டூட்டி."
சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது.
எட்டு மாதத்தில் இன்றுதான்
சொந்த ஊர்க் கோபுரம் கொடுத்த சிக்னல்,
நாலு கோடும் முழுசாக.
படிக்கட்டுக்கு அடியில் நின்று
ஜெமிலாவிடம் அவன் பேசியது காதில் விழுந்தது.
மோட்டாருக்குக் காயில் கட்டியாச்சா,
மச்சான் பணத்தைத் திருப்பினானா,
இன்னைக்கு என்ன ஆணம்?

மதியம் ஒரு வல்லம் கப்பலைச் சுற்றி வந்தது.
அதில் ஒருவன் ஊளி மீனைத்
தொட்டில் பிள்ளைபோல் தூக்கிக் காட்டினான்.
ஏழு மாடி உயரத்திலிருந்து எப்படிப் பேரம் பேச?
கையை ஆட்டினேன்.
அவனும் ஆட்டினான், மீனின் வாலை.

இருட்டும் முன் படகுகள் திரும்பின.
"அங்கே தண்ணி உப்புக் கரிக்குது" என்றார் இவர்,
புதிதாகக் கண்டுபிடித்தவர்போல்.

இரவு வெள்ளை விரிப்பு, மூன்று வகைக் கரண்டி.
அட்டையில் அச்சிட்டிருந்தது:
மன்னார் வளைகுடா ஊளி, எலுமிச்சை வெண்ணெயில்.
தட்டை வைக்கக் குனிந்த ரிஃபாய்
"கொச்சியில ஏத்துன ஐஸ் மீனுக்கா" என்றான்
எனக்கு மட்டும்.
இவர் அதற்குள் போட்டோ எடுத்துவிட்டார்.
உள்ளூர் மீன் ருசியே தனி என்றார்.
நான் முள் பொறுக்கினேன்.

எட்டு மணிக்கு மாடி விளக்கை
அணைத்து அணைத்துப் போடச் சொல்லியிருந்தானாம்.
ரசம்போல் இருந்த சூப்பை ஊற்றும்போதும்
கண் கண்ணாடிக்கு வெளியேதான்.
இரண்டு சொட்டு விரிப்பில் விழுந்தது,
இவர் உச்சுக் கொட்டினார்.

எட்டானது.
கரை முழுக்க ஒரே அடியாய் அணைந்தது.

"கரண்ட் போச்சு" என்றான்,
கோணாத என் கரண்டியை நேராக்கியபடி.
அடுத்த மேஜையில் ரொட்டி கேட்டார்கள். போனான்.

அவன் திரும்புவதற்குள்
இருட்டில் ஒரே ஒரு வெளிச்சம்,
தாழ்வாக, குலுங்கிக் குலுங்கி,
மணலில் இறங்கி ஒருமுறை சாய்ந்து
நிமிர்ந்து
கடலைப் பார்த்து நின்றது.
அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

ரொட்டிக்கூடை கையிலேயே இருக்க
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றவன்
மெதுவாகக் கேட்டான்,
"அவ எப்பக்கா பைக் ஓட்டக் கத்துக்கிட்டா?"

எனக்கெப்படித் தெரியும்.
நங்கூரச் சங்கிலி ஏறத் தொடங்கி
தட்டுகள் லேசாய் நடுங்கின.
ஐஸ்கிரீம் உருகுது பார் என்றார் இவர்.